வீணை ஊமையாவது ஏன்?

வடபுலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு வீணை உண்டு. அன்னையார் திருமணச் சீராகக் கொணர்ந்ததாக இருக்கும். அல்லது பெண் குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் தஞ்சையிலிருந்து வருவித்ததாக இருக்கும். நவராத்திரியில் அது உறையைவிட்டு வெளிவரும். விஜயதசமி கழிந்ததும் மீண்டும் மூலைக்குச் செல்லும். சில ஆண்டுகளில் அதன் நாதம் மங்கும். "பழைய மரம், இனி இவ்வளவுதான்" என்று யாரேனும் தீர்ப்புக் கூறுவர். அத்தீர்ப்புப் பெரும்பாலும் தவறு என்பதை நாம் நம் இல்லத்திலேயே, சற்றுக் காலந்தாழ்த்திக் கற்றுக்கொண்டோம்.

டில்லியில் நம் மகள் வீணை பயின்று வந்தாள். மேல் ஸ்தாயியில் விரல் வைத்தால் ஸ்வரம் பிறந்தவுடனே மடிந்தது. ஒருமுறை மீட்டி, தந்தியை இழுத்து இரண்டு மூன்று ஸ்வரங்களைக் காட்டுவதன்றோ வீணையின் தனிச்சிறப்பு? நாதம் நிலைக்காவிடில் கமகம் எங்ஙனம் பிறக்கும்? "எனக்குக் கை போதவில்லை, அப்பா" என்றாள். நாமும் அதனை நம்பினோம். ஈராண்டுக் காலம் வீணை உறைக்குள் கிடந்தது. பின்னர் ஊரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அதனை மடியில் வைத்து மீட்டிப் பார்த்து, "குழந்தையின் கையைப் பழித்தீர்களே, வீணையை ஒரு கேள்வி கேட்டீர்களா?" என்றார். அந்தக் கேள்விகளையே அன்பர்களுக்கு இங்குக் கூற விழைகிறோம்.

தந்தியை மீட்டும்பொழுது நாம் அதற்கு அளிக்கும் வலிமை ஒரு சிறு கைம்முதல் போன்றது. அது குதிரையின் வழியே குடத்திற்குச் சென்று ஒலியாகச் செலவாகிறது. இஃது இசைக்கு வேண்டிய செலவு. வழியில் தளர்ந்த பொருள் எதுவாயினும் அதில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். அது வீண் செலவு. நாதம் விரைவில் மடிந்தால், கைம்முதல் எங்கே ஒழுகுகிறது என்று தேடுவதே முறை.

முதற் கேள்வி: விரல் வையாமல் மீட்டினால் நாதம் நிற்கிறதா? கடிகாரத்தைப் பார்த்து, ஸாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் ஆகிய நான்கினையும் தனித்தனியே மீட்டி நொடிகளை எண்ணுக. ஒரு தந்தி மட்டும் விரைவில் அடங்கினால் குற்றம் பெரும்பாலும் அத்தந்தியினுடையது. நான்கும் அடங்கினால் குதிரையையோ மரத்தின் இணைப்புகளையோ ஐயுறுக. நான்கும் நன்கு ஒலித்து, விரல் வைத்தவிடத்து மட்டும் மடிந்தால் குற்றம் மெட்டுகளில் உள்ளது.

தந்தியின் குற்றம் எளிதில் தீர்வது. இழுத்து வாசிப்பதற்காக இடக்கை விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறோம். அந்த எண்ணெயும் வடநாட்டுப் புழுதியும் சேர்ந்து தந்திமேல் படிகின்றன. மழைக்காலத்தில் எஃகுத் தந்தியில் துருவும் ஏறுகிறது. தந்தியின் பருமன் இடத்துக்கிடம் மாறினால் அதன் அசைவும் ஒழுங்கு கெடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த மெல்லிய துணியால் துடைப்பது நன்று. துருப்பிடித்ததையும் மடிப்பு விழுந்ததையும் தயங்காது மாற்றுக. மாற்றும்போது அதே பருமனுள்ள தந்தியையே இடுக.

அடுத்து மெட்டுகள். வீணையின் 24 மெட்டுகளும் ஆணியால் அடிக்கப்பட்டவை அல்ல. தேன்மெழுகுடன் கரிப்பொடி முதலியன சேர்த்து எழுப்பிய இரண்டு வரம்புகளின்மேல் அவை பதிக்கப்பட்டுள்ளன. தேன்மெழுகு உருகுவதற்கு ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரி வெப்பம் வேண்டும். ஆயினும் அதற்கு வெகுமுன்னரே இளகத் தொடங்கிவிடும். மே மாதத்தில் 45 டிகிரியைத் தொடும் நகரத்தில், மேற்குச் சாளரத்தின் அருகே சார்த்திய வீணையின் கதி என்னாகும்? மெழுகு இளகும், மெட்டு அமிழும், தந்தி அடுத்த மெட்டில் உராய்ந்து கரகரக்கும், நாதம் அங்கேயே முடியும். குளிர்காலத்திலோ மெழுகு விறைத்து வெடிக்கும். ஒவ்வொரு மெட்டையும் நகத்தால் மெல்லத் தட்டுக. உறுதியாக நிற்பது 'டக்' என்னும். தளர்ந்தது மழுங்கிய ஒலி தரும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. கரண்டியைச் சூடாக்கி மெழுகைத் தாமே அழுத்திவிடுவோர் உளர். மெட்டு இம்மியளவு நகர்ந்தாலும் ஸ்வரம் பிழையாகிவிடும். மேளம் கட்டுவது காதும் கையும் ஒருங்கே தேர்ந்த ஆசாரியின் தொழில்.

குதிரையின்மேல் உலோகத் தகடு ஒன்று உண்டு. பல்லாண்டு உராய்வால் அதில் பள்ளம் விழுந்தாலும், தகட்டின் அடிப்பற்று விட்டுப்போனாலும் நாதம் மழுங்கும். இதனையும் நாமே அரத்தால் தேய்த்தல் கூடாது. குடமும் தண்டியும் வெவ்வேறு மரத்துண்டுகளாக இருந்து இணைக்கப்பட்ட ஒட்டு வீணையாயின், வறண்ட காற்றில் இணைப்பு விலகியுள்ளதா என்று விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். ஏகாண்ட வீணைக்கு அவ்விணைப்பு இல்லை. எனினும் வெடிப்புக்கு அதுவும் விலக்கன்று.

நம் வீணையில் குற்றம் இரண்டு இருந்தன. ஸாரணித் தந்தி துருவேறியிருந்தது. புதியதை இட்டதும் பாதி நாதம் மீண்டது. மேல் ஸ்தாயி மெட்டுகள் அமிழ்ந்திருந்தன. டிசம்பர் விடுமுறையில் இரயிலில் வீணையைத் தஞ்சைக்குக் கொண்டு சென்றோம். ஆசாரி பழைய மெழுகை முழுவதும் நீக்கிப் புதிதாக மேளம் கட்டினார். "பலா மரத்துக்கு ஒரு கேடும் இல்லை, இன்னும் இரண்டு தலைமுறை பேசும்" என்றார். அருகில் நின்ற மகள் ஒன்றும் சொல்லவில்லை. மேல் ஷட்ஜத்தை மீட்டி, அது அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

இல்லத்து இளைஞர் மின்கித்தார் வாசிப்பவராயினும் முறை இதுவே. அதன் உடல் திண்ணிய கட்டை. ஆதலால் தந்தியின் வலிமையை அதிகம் விழுங்காது, நாதம் நீண்டு நிற்கும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் அவர்கள் (1969–2014) கமகத்திற்கு இடந்தரும் பொருட்டு மின்மாண்டலினைக் கையாண்டதும் இதனாலன்றோ! அத்தகைய கருவியிலும் நாதம் மடியுமாயின், பழைய தந்தி, தேய்ந்த மெட்டு, தளர்ந்த திருகு ஆகியவற்றை முறையே காண்க. அதற்கே உரிய குற்றம் ஒன்றும் உண்டு: தந்தியின் அடியிலுள்ள ஒலிவாங்கியின் காந்தம் மிக நெருங்கியிருந்தால் தந்தியை இழுத்து அசைவை அடக்கிவிடும். திருகைத் தளர்த்திச் சற்றே தாழ்த்தினால் போதும்.

வீணையை வெயிலிலும், ஏர்கூலரின் ஈரக்காற்றிலும், குளிர்கால ஹீட்டரின் அருகிலும் வையாதீர்கள். உட்சுவரின் ஓரத்தில் உறையிட்டு வையுங்கள். ஊருக்குச் செல்லும்போது ஆசாரியிடம் ஒருமுறை காட்டுங்கள். அனைத்திற்கும் மேலாக, நாதம் நில்லாதபோது குழந்தையின் விரலைக் குறைகூறுமுன் கடிகாரத்தை எடுத்து நொடிகளை எண்ணிப் பாருங்கள். தந்தியையும் மெழுகையும் புதிதாக்கலாம்; நம் மகள் வாசியாது இழந்த ஈராண்டை எந்த ஆசாரியாலும் மீட்டுத்தர இயலவில்லை.