தன்னலமும் பொதுநலமும்

தன்னலம் என்னும் சொல் காதில் விழுந்த மாத்திரத்தே முகஞ் சுளிப்பது நல்லோர் வழக்கம். ஆயின், விடியுமுன் எழுந்து புகையிலைக் கன்றுக்கு நீர் இறைக்கும் கமக்காரன் யார் நலங் கருதி இறைக்கிறான்? தன் குடும்பத்தின் நலங் கருதியே. அதனைக் குற்றமென்று எவருஞ் சொல்லார். அயலவனுடைய முறைநாளிலே பங்குக் கிணற்று நீரைத் தன் தோட்டத்துக்கு அவன் திருப்பும்போதுதான் ஊர் வாய் திறக்கிறது. இவ்விரு செயலுக்கும் தமிழில் ஒரே சொல் வழங்குவது குழப்பத்துக்கு ஒரு காரணம் போலும்.

ஸ்கொத்லாந்து அறிஞர் ஆதம் சிமித் 1776இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலில் இதனை ஆராய்ந்தார். இறைச்சி விற்பவனும் பாண் சுடுபவனும் தத்தம் ஆதாயங் கருதியே தொழில் செய்கின்றனர். அதனால் ஊராரின் பசியும் தீர்கிறது என்பது அவர் கருத்து. இவ்வளவோடு அவரைப் படித்து முடித்தோர் பலர். ஒரே தொழிலார் கூடிப் பேசினால் அப்பேச்சு விலையேற்றும் சூழ்ச்சியில் முடியுமென்று அதே நூலில் அவர் எச்சரித்ததை அவர்கள் எடுத்துக் கூறுவதில்லை.

எச்சரிக்கை வீணன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மாவிற் படிகாரமும் சுண்ணமும் கலந்து விற்றனர். கடனுக்கு வாங்கிய ஏழைத் தொழிலாளர் அக்கடைகளுக்கே கட்டுண்டு கிடந்தனர். மஞ்செஸ்ரருக்கு அண்மையிலுள்ள றொச்டேல் நகரில் நெசவாளரும் பிறருமாக 28 பேர், ஆளுக்கு ஒரு பவுண் சேர்த்து, 1844 டிசெம்பர் 21ஆந் திகதி தமக்கென ஒரு கடை திறந்தனர். மா, வெண்ணெய், சீனி, மெழுகுதிரி முதலிய சில பொருள்களே அங்கிருந்தன.

தியாகஞ் செய்யுமாறு அவர்கள் அங்கத்தவரை வேண்டவில்லை. சந்தை விலைக்கே விற்றனர், கடன் கொடுத்திலர், எஞ்சிய இலாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பத் திருப்பிக் கொடுத்தனர். கூடுதலாக வாங்கியவருக்குக் கூடுதற் பணம். கடைக்குங் கூடுதல் வியாபாரம். கலப்பட மாவை விற்பின் உண்பவர் தம் பிள்ளைகளே. முதலுக்குரிய வட்டிக்கு எல்லை வகுத்தனர். எத்தனை பங்கிருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்கே. பணமுடையவனின் தன்னலம் ஏனையோரின் தன்னலத்தை விழுங்காதிருக்க இட்ட வேலி அது.

வேலி எங்கும் நிலைத்ததென்று கூறல் இயலாது. அவ்வூரில் 1854இல் தொடங்கிய கூட்டுறவு ஆலையில் தொழிலாளருக்கும் இலாபத்திற் பங்கிருந்தது. ஆதாயம் நாடிப் பின்வந்த பங்காளர் தொகை பெருகவே, 1862இல் வாக்களித்து அதனை நிறுத்திவிட்டனர்.

இலங்கையிற் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1911இல் நிறைவேறியது. அதன்வழி எழுந்த ஐக்கிய நாணய சங்கங்களிலே ஒருவன் பட்ட கடனுக்கு ஏனைய அங்கத்தவர் எல்லோரும் பொறுப்பு நின்றனர். அயலவன் வாங்கிய பணத்தைத் தோட்டத்திற் போட்டானா, கலியாணப் பந்தலிற் செலவழித்தானா என்று அவர்கள் உற்று நோக்கியதற்கு அன்பு மட்டுங் காரணமாகாது. அவன் தவறினால் தம் காணிக்கும் ஆபத்தென்பதை அவர்கள் அறிவர்.