வயசாயிடுச்சு என்று விட்டுவிடாதீர்கள்

நசரத்பேட்டையில் ஒரு பாட்டி என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வருஷமாகப் போய்வந்த ரேஷன் கடைக்குக் கிளம்பியவர், வழி தெரியாமல் பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் நிற்கிறார். யாரோ ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து விடுகிறார்கள். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீடு சமாதானம் அடைகிறது. சில மாதம் கழித்து, வளையலை மருமகள் எடுத்துவிட்டாள் என்று பாட்டி தெருவில் நின்று சொல்கிறார். அப்போது பேச்சு மாறுகிறது: "கிழவிக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு." இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் வைத்தியம் பார்க்க வேண்டிய காலம் கைநழுவிப் போகிறது.

பெயர் சட்டென்று நினைவுக்கு வராதது வயது. பழகிய வழியே மறந்துபோவது நோய். டிமென்ஷியா என்னும் மறதி நோய், 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு இருக்கிறது. சுமார் 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். பள்ளிக்கூடம் போக விடாமல் வளர்க்கப்பட்ட பெண்கள்தான் முதுமையில் அதிகம் அடிபடுகிறார்கள். இதை விதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படிப்பின்மை, சர்க்கரை, இரத்த அழுத்தம், காது கேளாமை, கண் மங்கல், தனிமை, காற்று மாசு உள்ளிட்ட 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் பாதிக்குச் சற்றுக் குறைவான மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024-இல் லான்செட் ஆணையம் கணித்தது. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிரஷர் மாத்திரை மூளைக்கும் காவல்தான்.

ஏழைகளின் மறதியை அளக்கும் கோலே வெகுகாலம் கோணலாக இருந்தது. "இன்றைக்கு என்ன தேதி? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். இந்த வரியை வாசியுங்கள்" என்று கேட்டால், நல்ல நினைவோடு இருக்கும் கைநாட்டுப் பாட்டியும் தோற்றுப்போவார். மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தும், ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியது இல்லை என்பதைப் பெயரிலேயே சுமந்து 1998-இல் தொடங்கியது '10/66' ஆய்வுக் குழு. சென்னையிலும் வேலூர் பகுதிக் கிராமங்களிலும் அதன் ஆய்வு நடந்தது. படிப்பு தடையாகாத சோதனை முறையை உருவாக்கி, முதியவரிடம் கேட்பதோடு வீட்டாரிடமும் விசாரித்தார்கள். எனவே டாக்டரிடம் போகும்போது, முன்பு தானே செய்துவந்த எதை இப்போது செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள்: சீட்டுக் கணக்கு, புள்ளிக் கோலம், பேரன் பெயர். எல்லா வேலையையும் மற்றவர்களே செய்யும் வீட்டில் இந்தச் சரிவு வெளியே தெரியவே தெரியாது.

பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, விழுந்து தலையில் அடிபட்டதால் உள்ளே இரத்தக் கட்டு, சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் இதே மறதி வரும். இவற்றில் பல குணமாகக்கூடியவை. அதனால் இரத்தப் பரிசோதனை முதலில். பூந்தமல்லி அரசு மருத்துவமனையில் தொடங்கலாம். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. அண்ணா நகரில் 1984 முதல் இயங்கும் ஸ்கார்ஃப் அமைப்பு மறதி நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் உதவுகிறது. பாட்டியின் பழியைச் சுமந்துகொண்டே சோறு ஊட்டும் மருமகளுக்கும் ஆறுதல் வேண்டும். பழி சொல்வது நோய், அத்தை அல்ல.

இனி, ரேகை விஷயம். வெளிவட்டச் சாலை வந்தபின் நசரத்பேட்டைப் பக்கத்தில் ஒரு சென்ட் நிலம்கூடச் சும்மா கிடப்பதில்லை. நினைவு தடுமாறும் பெரியவரின் கட்டைவிரல் பத்திரத்தை நோக்கி இழுக்கப்படும் ஆபத்து நிஜமானது. சுயநினைவோடு புரிந்து செய்யாத ஒப்பந்தம் செல்லாது. கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால் பவர் பத்திரமும் முடிந்துபோகும். ஆகவே உயில், பென்ஷன், வங்கி ஏற்பாடுகளை நோயின் தொடக்கத்திலேயே, அவர் விருப்பம் கேட்டு, டாக்டர் சான்றோடு செய்துவிடுங்கள். தான செட்டில்மென்ட் எழுதினால், "என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். கவனிக்காமல் விட்டால், 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் தரச் சொல்லும். பெரியவரால் முடியாவிட்டால் அவர் சார்பில் வேறொருவரோ தொண்டு அமைப்போ மனு கொடுக்கலாம். கைவிட்டு ஓடினால் 3 மாதம் வரை சிறை.

நினைவும் முடிவெடுக்கும் திறனும் கடுமையாகக் கெட்டவர்கள் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள்ளும் வருகிறார்கள். தனக்காகச் சிகிச்சை முடிவு எடுக்க ஒருவரை முன்கூட்டியே எழுதி நியமிக்கலாம். அந்த உரிமை தெளிவு இருக்கும்போதுதான் பயன்படும். சொத்துக்குக் காப்பாளர் நியமிக்க அந்தச் சட்டத்தில் வழி இல்லை. குடும்பங்கள் உயர் நீதிமன்றம் வரை அலைகின்றன. இது அரசு அடைக்க வேண்டிய ஓட்டை.

முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருமுறை வழி தவறியிருந்தால், இந்த வாரமே அழைத்துப் போங்கள். அவர் சட்டைப் பையிலோ முந்தானை முடிச்சிலோ உங்கள் போன் எண்ணை இன்றே எழுதி வையுங்கள்.