அடிபிடிக்காத கஞ்சிக்கு ஓர் இரும்புத் தகடு



நம் ஊர்களில் விறகடுப்புக்குப் பக்கத்திலேயே கேஸ் அடுப்பும் வந்துவிட்டது. 2016-ஆம் ஆண்டு தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் மூலம் ஏழைக் குடும்பங்களுக்கும் கேஸ் இணைப்பு கிடைத்தது. ஆனாலும் வீடு வீடாகப் போகும்போது ஒரு பேச்சு காதில் விழுகிறது: “கேஸ்ல கஞ்சி வச்சா அடிபிடிச்சுப் போகுதுங்க. புள்ளைக்குக் காய்ச்சுறது மட்டும் விறகடுப்புலதான்.”

இப்படிச் சொல்லும் தாய், கைக்குழந்தையோடு புகையில் உட்காருகிறாள். விறகுப் புகை கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். சிறு குழந்தைகளுக்கு நிமோனியா வர வழி செய்யும். கர்ப்பிணி தொடர்ந்து சுவாசித்தால் எடை குறைந்த குழந்தை பிறக்கக்கூடும். அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவே கனமான ஒரு தகடு இருந்தால், அந்தக் கஞ்சியையும் கேஸ் அடுப்பிலேயே பதமாகக் காய்ச்சலாம்.

ஏன் அடிபிடிக்கிறது?

கேஸ் அடுப்பின் தீ, பர்னரைச் சுற்றி வளையமாக எரிகிறது. பாத்திரத்தின் அடியில் அந்த வளையம் படும் இடம் மட்டும் கடுமையாகச் சூடாகும். எவர்சில்வர் சூட்டைச் சரியாகப் பரப்பாத உலோகம். அலுமினியம் நன்றாகப் பரப்பும். ஆனால் மெல்லிய பாத்திரமாக இருந்தால் அதுவும் போதாது. கேழ்வரகுக் கஞ்சி, பருப்பு, பால் போன்றவை அந்த இடத்தில் கெட்டிப்பட்டுக் கருகுகின்றன. கருகிய கஞ்சி கசக்கும். ஆறு மாதம் முடிந்து முதன்முதலாக உணவு பழகும் குழந்தை அதைத் துப்பிவிடும்.

பிரியாணிக்குத் தம் போடும்போது அண்டாவுக்கு அடியில் தோசைக்கல்லை வைக்கிறோம் அல்லவா? அதே வேலைதான் இது. தீயின் சூட்டைக் கல் வாங்கி, பரவலாக மேலே கொடுக்கிறது. மண்சட்டியின் அடியில் வைத்தால் சட்டி விரிசல் விடுவதும் குறையும்.

எது நல்லது?

முதலில் வீட்டில் இருப்பதைப் பாருங்கள். கனமான, தட்டையான பழைய இரும்புத் தோசைக்கல் போதும். குழிந்த கல் வேண்டாம், பாத்திரம் ஆடும்.

புதிதாகச் செய்வதானால் கொல்லுப்பட்டறையிலோ வெல்டிங் பட்டறையிலோ, பூச்சு எதுவும் இல்லாத கறுப்பு இரும்புத் தகட்டை வட்டமாக வெட்டித் தரச் சொல்லுங்கள். கனம் 3 முதல் 4 மில்லிமீட்டர், குறுக்களவு 7 அல்லது 8 அங்குலம். விளிம்பை அரத்தால் ராவச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கை கிழிக்கும். நீளமான கைப்பிடி ஒன்றும் வையுங்கள். எடை ஏறக்குறைய முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, வெளியிடத்தில் ஒருமுறை சூடேற்றி, ஆறியபின் நல்லெண்ணெய் தடவி வையுங்கள். துரு பிடிக்காது.

கடையில் வாங்கினால் கனமான வார்ப்பிரும்பு அல்லது கனமான அலுமினியத் தட்டு வாங்கலாம். சூடான வார்ப்பிரும்பின் மேல் தண்ணீரைக் கொட்டாதீர்கள், வெடித்துவிடும். அப்பளம் சுடும் கம்பி வலை இதற்கு உதவாது.

தகடு சரியா என்று பார்க்க, சிறு தீயில் வைத்து ஒரு சிட்டிகை அரிசி மாவை மேலே தூவுங்கள். மாவு பரவலாகச் சிவந்தால் நல்ல தகடு. வளையமாக மட்டும் கருகினால் தகடு மெலிது.

எது கூடாது?

• தகரக் கூரைத் துண்டு, ஜி.ஐ. தகடு வேண்டாம். அதில் துத்தநாகப் பூச்சு உண்டு. கடும் சூட்டில் வரும் ஆவியைச் சுவாசித்தால் குளிரும் காய்ச்சலும் வரலாம்.
• ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் அட்டை வேண்டவே வேண்டாம். அதன் தூசி நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும்.
• பெயிண்ட் அடித்த பழைய தகடு, நான்ஸ்டிக் தவா இரண்டும் வேண்டாம். சூடு மிஞ்சினால் கெட்ட புகை விடும்.
• கடப்பாக்கல், ஆற்றுக்கல் வைக்காதீர்கள். வெடித்துத் தெறிக்கலாம்.

எப்படிப் பயன்படுத்துவது?

கதவு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். கொதி வரும் வரை நேரடித் தீயில் கிண்டுங்கள். கொதித்தபின் தகட்டை வைத்து, அடுப்பை சிம்மில் வையுங்கள். இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பே அடுப்பை அணைத்துவிடலாம். தகட்டின் சூடே மீதி வேலையைச் செய்யும்.

தகடு பர்னரின் மேல் படியக் கூடாது. பாத்திரம் நிற்கும் இரும்புக் கால்களின் மேல்தான் இருக்க வேண்டும். அந்த வட்டத்தைவிடப் பெரிய தகடு காற்றை அடைத்துவிடும். திருகும் குமிழையும் சூடாக்கும். காற்று போதாவிட்டால் தீ மஞ்சளாகும், கரி படியும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகும். அதற்கு மணம் கிடையாது. தீ நீலமாக இல்லாவிட்டால் உடனே அடுப்பை அணையுங்கள். சூடு ஆறியபின் தகட்டை எடுத்துவிடுங்கள்.

“தகடு வச்சா கேஸ் மிச்சமாகுமா?” என்று கேட்பார்கள். ஆகாது. தகட்டைச் சூடாக்கவே கொஞ்சம் கேஸ் செலவாகும். ஆகவே சோறு வடிக்க, வெந்நீர் வைக்க, குக்கர் வைக்க இது தேவையில்லை. கஞ்சி, பால், கெட்டிக் குழம்பு, மண்சட்டிச் சமையலுக்கு மட்டும் வையுங்கள்.

கவனம்!

தகடு இருக்கிறதே என்று அடுப்பை விட்டுப் போகாதீர்கள். பால் பொங்கித் தீ அணைந்தால் கேஸ் கசியும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, விளக்கு சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

அடுப்பு அணைந்த பிறகும் தகடு நெடுநேரம் சுடும். பார்த்தால் தெரியாது. குழந்தைக்கு எட்டாத இடத்தில் ஆறவிடுங்கள். சுட்டுவிட்டால் அந்த இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். பற்பசை, மை, மாவு எதுவும் பூசாதீர்கள். கொப்புளம் பெரிதானால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள், அவசரமானால் 108.

கஞ்சி காய்ச்சுவது மனைவியின் வேலை என்று கணவர் ஒதுங்க வேண்டாம். அடுத்த முறை டவுனுக்குப் போகும்போது அடுப்பின் அளவை ஒரு நூலில் எடுத்துப் போய், தகட்டை வெட்டி வாங்கி வாருங்கள். குழந்தையின் கஞ்சியும் புகையில்லாத அடுப்பிலேயே வேகட்டும்.