எழுதாமல் மீட்பது

மெமரி கார்டையோ பென் டிரைவையோ கம்ப்யூட்டரில் செருகியதும், 'இதைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று விண்டோஸ் கேட்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கல்யாண போட்டோக்கள் முழுவதும் அந்தக் கார்டில் இருக்கும்போது இப்படியொரு கேள்வி வந்தால் அடிவயிறு கலங்கும். உண்மையில் விண்டோஸ் சொல்ல வருவது இவ்வளவுதான்: எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று காட்டும் பதிவேடு எனக்குப் புரியவில்லை. அதற்கு அது கைவசம் வைத்திருக்கும் மருந்தோ, அந்தப் பதிவேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்குவது. கேள்வி பணிவாக இருப்பதால் யோசனையும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். பழுதுபார்ப்பதும் தரவை மீட்பதும் வெவ்வேறு வேலைகள். பல சமயம் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும். மீட்பு முடியும்வரை பழுதான டிஸ்க்கில் ஒரு பைட்கூட எழுதக்கூடாது, அதை 'ரீட்-ஒன்லி'யாக, அதாவது வாசிக்க மட்டுமே அனுமதித்து, மவுண்ட் செய்ய (கணினியில் இணைத்துத் திறக்க) வேண்டும் என்கிறார்கள் அனுபவசாலிகள். அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஃபைல் சிஸ்டம் என்பதைக் கிராமத்து நிலக் கணக்கோடு ஒப்பிடலாம். நிலம் வேறு, சிட்டா அடங்கல் வேறு. வெள்ளத்தில் அடங்கல் நனைந்து எழுத்து அழிந்துபோனாலும் வயல் இருந்த இடத்திலேயே கிடக்கிறது. யாருடையது என்று சொல்லத்தான் ஆளில்லை. டிஸ்க்கிலும் பெரும்பாலான பழுதுகள் இந்த வகைதான்: போட்டோ அப்படியே இருக்கும், அதன் பெயரும் முகவரியும் எழுதிய பக்கம் மட்டும் கெட்டிருக்கும். விண்டோஸின் செக்டிஸ்க், லினக்ஸின் எஃப்எஸ்சிகே போன்ற கருவிகள் இந்தக் கணக்கைச் சரிசெய்ய வந்தவை. கணக்கில் முரண் இருக்கக்கூடாது என்பதுதான் அவற்றின் ஒரே கவலை. ஒரே இடத்துக்கு இரண்டு ஃபைல்கள் உரிமை கொண்டாடினால் ஏதோ ஒரு வழியில் தீர்த்துவைக்கும். யாரும் உரிமை கோராத இடத்தைப் புறம்போக்கு என்று எழுதிவிடும். பெயர் போன ஃபைல்களை எஃப்எஸ்சிகே 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' ஃபோல்டரில் வெறும் எண்ணை மட்டும் ஒட்டிப் போட்டுவைக்கும். அதன் அளவுகோலின்படி வேலை வெற்றிகரமாக முடிந்துவிட்டது. புறம்போக்கு என்று குறித்த இடத்தில் அடுத்து வரும் ஏதோ ஒரு ஃபைல் குடியேறிய பிறகு, அங்கே முன்பு இருந்ததைத் தேடிப் பயனில்லை.

பழுதுக்கு என்ன காரணம் என்று அந்த நேரத்தில் நமக்குத் தெரியாது என்பது இதைவிடப் பெரிய சிக்கல். 2018 அக்டோபரில் லினக்ஸ் கர்னலின் 4.19 பதிப்பு வெளியானபின், அதைப் பயன்படுத்திய சிலரின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டங்கள் கெட்டுப்போகத் தொடங்கின. இயல்பாகவே சந்தேகம் முதலில் எக்ஸ்ட்4 மேல்தான் விழுந்தது. டிசம்பரில் காரணம் அகப்பட்டபோது, தவறு அதற்குக் கீழே, டிஸ்க்குக்கு வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் அடுக்கில் இருந்தது தெரியவந்தது, 4.19.8 பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது. இடைப்பட்ட வாரங்களில் அதே கர்னலில் எஃப்எஸ்சிகே ஓட்டியவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். பழுதுபார்க்கும் கருவி எழுதிய திருத்தங்களும் பழுதை உண்டாக்கிய அதே பாதை வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போயிருக்கும். கெட்டுப்போன ரேம், தளர்ந்த கேபிள், சாகப்போகும் ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தவறாக வாசித்ததை இன்னொரு முறை வாசித்துப் பார்க்கலாம். தவறாக எழுதிவிட்டால் அதன்கீழ் இருந்தது போனது போனதுதான்.

ரீட்-ஒன்லி என்று சொல்லிவிட்டால் மட்டும் எழுத்து நின்றுவிடுமா என்றால், அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. எக்ஸ்ட்4 போன்ற ஃபைல் சிஸ்டங்கள் ஜர்னல் ஒன்றை வைத்துக்கொள்கின்றன. கணக்கில் மாற்றம் செய்யுமுன் அதை அங்கே குறித்துக்கொள்ளும்; நடுவில் கரண்ட் போனால், அடுத்த முறை மவுண்ட் செய்யும்போது அந்தக் குறிப்புகளைப் பார்த்து விட்ட வேலையை முடிக்கும். நாம் ரீட்-ஒன்லி என்று கேட்டிருந்தாலும், எக்ஸ்ட்3-ம் எக்ஸ்ட்4-ம் இந்த வேலையைச் செய்துவிடும், அதாவது டிஸ்க்கில் எழுதிவிடும். மவுண்ட் கட்டளையின் கையேடே இதை எச்சரிக்கிறது. உண்மையாகவே கையை வைக்காமல் இருக்க எக்ஸ்ட்4-க்கு 'நோலோட்', எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்துக்கு 'நோரெகவரி' என்ற கூடுதல் சொல்லைச் சேர்க்க வேண்டும். அல்லது டிஸ்க்கையே கர்னல் அளவில் பூட்டிவைக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ்ஸில் நோரெகவரி கேட்டால் ரீட்-ஒன்லியும் கூடவே கேட்டாக வேண்டும், இல்லையென்றால் மவுண்ட் ஆகாது. எஸ்டி கார்டுகளின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய பூட்டையும் இதற்காக முழுதாக நம்ப வேண்டாம். அது கார்டு ரீடருக்குக் காட்டும் சைகை மட்டுமே, கார்டுக்குள் இருக்கும் சிப்புக்கு அப்படியொன்று நகர்ந்ததே தெரியாது. மைக்ரோ எஸ்டியில் அந்தச் சைகைகூடக் கிடையாது.

ஜர்னலைத் தொடாமல் விட்டால் கடைசி நேர மாற்றங்கள் கைவிட்டுப் போகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நோலோட் போட்டு மவுண்ட் செய்தால் தெரிவது பாதியில் நின்ற கணக்கு. சில ஃபைல்கள் பழைய நிலையில் இருக்கும், சில திறக்காமலும் போகலாம். ஆனால் ஜர்னல் எங்கும் ஓடிப்போகவில்லை. டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரு இமேஜ் ஃபைலாக நகலெடுத்து, அந்த நகலில் ஜர்னலை ஓடவிட்டுப் பார்க்கலாம். சரிவரவில்லையென்றால் இன்னொரு நகல். 4 கிலோபைட் பிளாக் கொண்ட எக்ஸ்ட்4-இல் ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் அடங்கிய முதன்மையான சூப்பர்பிளாக் கெட்டிருந்தால், வழக்கமாக 32768-ஆம் பிளாக்கில் இருக்கும் மாற்றுப் பிரதியைக் கொண்டு திறந்து பார்க்கலாம். அதே எஃப்எஸ்சிகேயை நகலின் மேல் எவ்வளவு மூர்க்கமாக வேண்டுமானாலும் ஓட்டலாம். எழுதாமல் இருப்பதால் கிடைக்கும் ஆதாயம் இரண்டாவது, மூன்றாவது வாய்ப்பு.

செவ்வாயில் இதே பொறுமை ஒரு ரோவரைக் காப்பாற்றியிருக்கிறது. 2004 ஜனவரி 21 அன்று நாசாவின் ஸ்பிரிட் திடீரென்று ஒழுங்காகப் பேசுவதை நிறுத்தியது. அதன் ஃப்ளாஷ் மெமரியில் ஃபைல்கள் பெருகி, அவற்றின் கணக்கை ஏற்றுவதற்கே ரேம் போதாமல் போனது. பூட் ஆகும்போதெல்லாம் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முயன்று, தோற்று, மறுபடி ரீபூட் ஆகிக்கொண்டே இருந்தது; இரவில் தூங்காமல் பேட்டரியும் கரைந்தது. பொறியாளர்கள் ஃப்ளாஷைத் தொடாமலேயே பூட் ஆகும்படி முதலில் கட்டளை அனுப்பினார்கள். ஃபார்மட் செய்தது காரணம் விளங்கிய பிறகு, பிப்ரவரியில்தான். கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கருவிக்கு முதல் நாளே அந்தக் கட்டளையை அனுப்பும் தைரியம் யாருக்கும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். மேஜைமேல் இருக்கும் டிஸ்க்கிடம் மட்டும் நமக்கு எங்கிருந்தோ அந்தத் தைரியம் வந்துவிடுகிறது.

கரண்ட் போய் வந்தபின் தானாக ஓடும் சோதனை பெரும்பாலும் சில நொடிகளில் எல்லாவற்றையும் சரியாக்கிவிடுகிறதே, இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. ஜர்னல் கண்டுபிடிக்கப்பட்டதே அந்தப் பழுதுக்காகத்தான். காரணம் அதுதான் என்று உறுதியாகத் தெரிந்தால், அல்லது நல்ல பேக்கப் கையில் இருந்தால், தாராளமாக ஓடட்டும். டிஸ்க் சத்தம் போடுகிறது, ஃபைல்கள் ஒவ்வொன்றாக மாயமாகின்றன, ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்றால் கதை வேறு. பிழை கண்டதும் ஃபைல் சிஸ்டத்தைத் தானே ரீட்-ஒன்லியாக மாற்றிக்கொள்ளும்படி எக்ஸ்ட்4-ஐப் பல லினக்ஸ் கணினிகளில் அமைத்திருப்பது இதற்காகத்தான். அதைக் கோளாறு என்று நினைத்து உடனே எழுத அனுமதித்து மறுபடி மவுண்ட் செய்கிறவர்கள், எச்சரிக்கை மணியின் ஒயரைப் பிடுங்குகிறார்கள்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. தலை உரசும் ஹார்ட் டிஸ்க்கை வாசிப்பதே அதற்குக் கேடு. அங்கே மவுண்ட் செய்து ஃபோல்டர் ஃபோல்டராக அலைவது தவறு. அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய டிடிரெஸ்க்யூ அதற்கு ஏற்றது: எளிதாக வாசிக்க முடிகிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும், எதுவரை வந்தது என்று தனி ஃபைலில் குறித்துவைத்துக்கொள்வதால் நிறுத்தி நிறுத்தியும் ஓட்டலாம். எஸ்எஸ்டியில் அழிக்கப்பட்ட ஃபைலின் இடத்தை டிரிம் கட்டளை ஏற்கெனவே கைவிட்டிருந்தால், பிறகு ரீட்-ஒன்லியாகப் பூட்டி என்ன பயன்? உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் தன் போக்கில் துப்புரவு செய்துகொண்டிருக்கும். நகலெடுக்க அதே அளவு இன்னொரு டிஸ்க் வேண்டும் என்ற செலவும் உண்மை. அதற்கு வழியில்லாதவர்கள் முழு இமேஜை விட்டுவிட்டு, ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து, மிகவும் தேவையான ஃபோல்டரை மட்டும் ஒரு பென் டிரைவுக்கு முதலில் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பென் டிரைவில் ஃபைல்கள் திறக்கின்றனவா என்று பார்த்தபின் செக்டிஸ்க் ஓடட்டும்.