பூட்டிய கடையிலிருந்து போகும் அழைப்புகள்

என் சிறுவயதில், தாசேக் கெலுகோர் வட்டாரத்துத் தோட்டமொன்றின் அலுவலகத்தில் கறுப்புத் தொலைபேசி ஒன்று இருந்தது. அதன் சுழல்வட்டின் துளையொன்றில் சிறு பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே பெரிய கிராணி பகலுணவுக்கு எழுந்து போவார். அவர் தலை மறைந்ததும் சின்னக் கிராணி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, அது அமரும் பொத்தானை விரலால் தட்டத் தொடங்குவார்: நான்குக்கு நான்கு தட்டு, சுழிக்குப் பத்துத் தட்டு. வட்டு சுழலும்போது நிகழ்வதும் கம்பியில் ஓடும் மின்சாரம் அத்தனை முறை அறுபட்டுச் சேர்வதேயாகையால், பூட்டு பூட்டியபடியே இருக்க, அழைப்பு சுங்கை பட்டாணிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

சின்னக் கிராணியின் சாமர்த்தியம் சில காசுகளோடு முடிந்தது. இன்றைய தொலைபேசிக் கட்டணத் திருட்டோ சிறு ஸ்தாபனமொன்றை இரண்டே இரவில் கடனாளியாக்கவல்லது. கிளினிக்கிலும் இரும்புக்கடையிலும் நாம் ‘கீபோன்’ என்று சொல்லும் சாதனம், இரண்டு மூன்று வெளி இணைப்புகளைப் பல மேசைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. 9ஐ அழுத்தினால் வெளியே பேசலாம். குரலஞ்சல், அழைப்பைக் கைப்பேசிக்குத் திருப்பிவிடுதல், முதலாளி வெளியூரிலிருந்து அலுவலக எண்ணை அழைத்து, ரகசிய எண்ணை அழுத்தி, அலுவலகக் கணக்கிலேயே மூன்றாமவரோடு பேசுதல் முதலிய சௌகரியங்களும் அதில் உண்டு. பொருத்த வந்தவர் மாற்றாமல் போயிருந்தால், 1234, 0000 என்று தொழிற்சாலையில் இட்ட எண்களே இவை அனைத்துக்கும் காவல். இணையத்தோடு பிணைந்த கருவியாயின், 5060 என்னும் அதன் வாயிலை எங்கோ இருக்கும் யந்திரங்கள் இராப்பகலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டேயிருக்கும்.

திருடனுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பது நியாயமே. யாரோடும் பேச வேண்டிய விஷயம் அவனுக்கு இல்லை. நிமிஷத்துக்கு மிகுந்த கட்டணம் விழும் அயல்நாட்டு எண்களை முன்னதாகவே வாடகைக்கு எடுத்து, அவற்றுக்கு வரும் அழைப்புகளின் வருமானத்தில் பங்கு பெற ஒப்பந்தம் செய்துகொண்டு, பிறகு நம் கீபோனுக்குள் புகுந்து அதே எண்களை இடைவிடாமல் அழைக்கிறான். மறுமுனையில் ஒரு யந்திரம் அழைப்பை ஏற்று மௌனமாயிருந்தாலே போதும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து நார்கிராஸ் நகரில், ஏழு பேர் கொண்ட கட்டடக்கலை அலுவலகமொன்றிலிருந்து 2014 மார்ச்சில் ஒரு வார இறுதிக்குள் காம்பியா, சோமாலியா, மாலத்தீவு ஆகிய நாடுகளுக்குப் போன அழைப்புகளின் கட்டணம் 166,000 டாலர். அவர்களுடைய வழக்கமான பில் கணக்கில் அத்தொகையை எட்ட 34 ஆண்டுகள் பிடித்திருக்கும். அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த பேரிடர் நிர்வாக அமைப்பே 2008 ஆகஸ்டில், புதிய குரலஞ்சலில் விட்டுப்போன ஓட்டையால், 400க்கு மேற்பட்ட அழைப்புகளையும் 12,000 டாலரையும் பறிகொடுத்தது. அதுவும் வார இறுதிதான்; தைப்பூசத்துக்குக் கடையடைத்துத் தண்ணீர்மலைக்குப் போகும் முதலாளிமார் கவனிக்க வேண்டிய செய்தி இது.

எந்த மேசையிலிருந்து எந்த எல்லை வரை பேசலாம் என்று வகுக்கும் வசதி கீபோனிலேயே இருக்கிறது: கிடங்குக்கு உள்ளூர் மட்டும், கணக்காளருக்கு மலேசியா முழுவதும், முதலாளி அறைக்கு மட்டும் 00இல் தொடங்கும் அயல்நாட்டு அழைப்பு, கடையடைத்த பின் அதுவும் கிடையாது. மதுரையிலிருந்து சரக்கெடுக்கும் மளிகைக்கடைக்காரர் 0091ஐத் திறந்துவைத்து மற்ற நாடுகளை அடைத்துவிடலாம். வெளியிலிருந்து வந்து வெளியே போகும் வழி தேவையில்லையெனில் அதை அடியோடு நீக்குவதே உத்தமம். ஆனால் இவையெல்லாம் கருவிக்குள்ளேயே இருக்கும் பூட்டுகள். நிர்வாகக் கடவுச்சொல்லே பறிபோய்விட்டால், பொத்தானைத் தட்டிய சின்னக் கிராணிக்கு வட்டுப் பூட்டு எவ்வளவு தடையோ, அவ்வளவே இவையும். அயல்நாட்டுக்குப் பேசுவதே இல்லாத அலுவலகம் தொலைபேசிக் கம்பெனிக்கே எழுதிக் கொடுத்து, ஐ.டி.டி. வசதியை அங்கேயே நிறுத்திவைக்கச் சொல்வதுதான் திருடன் கை எட்டாத இடத்தில் போடும் பூட்டு. கீபோனுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் இந்த ஒரு கடிதத்துக்குச் சோம்புவது எனக்கு என்றும் விளங்காத புதிர்.

தடைகளை வகுக்கும்போது ஓர் எண்ணை மட்டும் திறந்தே வைக்க வேண்டும். ஆபத்துக்கு அழைக்கும் 999, வெளி இணைப்புக்கு 9 வைத்த அலுவலகத்தில், 9999 ஆகிவிடுகிறது. கிடங்கில் ஒருவர் மயங்கி விழுந்த நேரத்தில் அந்த நான்காவது 9 யாருக்கும் ஞாபகம் வராது. மூன்று முறை அழுத்தினாலும் நான்கு முறை அழுத்தினாலும் அழைப்பு போகும்படி, கிடங்கு மூலையிலுள்ள கருவி உட்பட எல்லாவற்றிலும் செய்துவைத்துவிட்டுப் போகும்படி, பொருத்த வருபவரிடம் அவர் பெட்டியை மூடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.