வெட்டி எறியும் நகத்தில் ஒரு சேதி

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் சில பிள்ளைகள் சிரிக்கும்போது கவனித்திருப்பீர்கள். முன்பற்களின் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டதுபோல் வெள்ளை வரிகள் ஓடும். சிலருக்கு அது பழுப்பேறியிருக்கும். ஒழுங்காகப் பல் தேய்க்கவில்லை என்று அந்தப் பிள்ளையைத் திட்டுவது அநியாயம். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. பல் ஈறுக்குள் உருவாகும்போதே விழுந்துவிட்ட பழுது அது.

காரணம், தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு. இந்த வட்டாரம் கருங்கல் பூமி. பாறை இடுக்கில் நெடுங்காலம் தேங்கும் நீர், கல்லிலுள்ள ஃபுளோரைடைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும். போர் போட்டதும் அது நம் குடத்துக்கு வந்துவிடுகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் ஃபுளோரைடால் வரும் நோயைக் கண்டு 1937இல் எழுதியவர்கள், கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட்டும் அவருடைய சகாக்களும்.

நிலையான மேல் முன்பல்லின் எனாமல் பிறந்ததிலிருந்து ஏறக்குறைய நாலு வயதுக்குள் உருவாகிவிடும். பல் வெளியே தெரிவதோ ஏழெட்டு வயதில். எனாமலைக் கட்டிய செல்கள் அதற்குள் மடிந்துவிடும், திருத்த ஆளில்லை. பல்லைப் பார்த்து நோயை அறிவது, பல வருஷம் பிந்தி வந்த கடிதத்தைப் படிப்பது போலத்தான்.

ஆனால் உடம்பு முன்கூட்டியே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அண்மையில் உள்ளே போன ஃபுளோரைடின் அளவைச் சிறுநீர் காட்டும். நகம் இன்னும் அதிசயம். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. அடியில் அது உருவாகும்போது ரத்தத்தில் இருந்த ஃபுளோரைடு அதற்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். குழந்தைக்கு வெட்டிவிடும் அந்தப் பிறைத் துண்டில், சில மாதங்களுக்கு முன் அது குடித்த தண்ணீரின் கணக்கு இருக்கிறது! பல் முளைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பதும் அதன் நோக்கம். இன்னமும் போர் தண்ணீர் குடிக்கும் வீட்டில் கைக்குழந்தை இருந்தால், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். காய்ச்சிவிட்டோமே என்று இருந்துவிடாதீர்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும்.