வாடகை வீடும் கைமுதலும்

“வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். தாம் குடியிருக்க வீடு தேடுவோர்க்கே இவ்வெச்சரிக்கை வேண்டுமாயின், வாடகைக்கு விடுவதற்கென முதன்முதலாக வீடு வாங்குவோர் இதனை இருமுறை நினைத்தல் வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், என்னிடம் கற்ற இளைஞர் ஒருவர் கணக்கெழுதிய கடதாசியுடன் வந்தார். யாழ்ப்பாண நகரை அடுத்து ஒரு கோடி ரூபாவுக்கு வீடொன்று விலைக்கு வந்திருந்தது.

“வங்கி 70 இலட்சம் தரும், ஐயா. என் சேமிப்பு 22 இலட்சம். மனைவியின் தாலிக்கொடியையும் காப்புகளையும் ஈடு வைத்தால் 8 இலட்சம். பிறகு வாடகையே கடனைக் கட்டிவிடும்” என்றார்.

“தம்பி, முத்திரைத் தீர்வை எங்கே?” என்று கேட்டேன்.

அவர் விழித்தார். வீடு வாங்குபவர், அதன் சந்தைப் பெறுமதியில் முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு 3 ரூபாவும், எஞ்சியதற்கு நூற்றுக்கு 4 ரூபாவும் தீர்வை செலுத்தல் வேண்டும். ஒரு கோடிக்கு அது 399,000 ரூபா. நொத்தாரிசின் கட்டணம், வில்லங்கம் பார்க்கும் செலவு, நில அளவை, வங்கியின் மதிப்பீட்டுக் கூலி என்பன வேறு. பழைய வீடாதலின் கூரையும் மின்கம்பியும் திருத்தம் வேண்டி நின்றன. அனைத்தையும் கூட்டியபோது மேலும் 8 இலட்சத்துக்குக் குறையாது என்று கண்டோம்.

“குடியிருக்க வருபவரிடம் ஓராண்டு வாடகையை முற்பணமாக வாங்கலாம்” என்றார் அவர்.

இங்கேதான் பலர் இடறுகின்றனர். முற்பணம் நம்முடைய பணமன்று. அதனை வாடகையிற் கழிப்பதாயின் பன்னிரண்டு மாதங்களுக்கு வருவாய் இல்லை. திருப்பிக் கொடுப்பதாயின் அதுவும் ஒரு கடனே. சீட்டை முந்தி எடுப்பதும் அத்தகையதே. கழிவும் போய், எஞ்சிய மாதங்களுக்குக் கட்டுப்பணமும் தொடரும். காணியை ஒற்றி வைத்தாலோ, வட்டிக்கு ஈடாக அதன் விளைவைக் கடன் கொடுத்தவர் அனுபவிப்பார். முதல் அப்படியே நிற்கும்.

வாடகை கடனைக் கட்டுமா என்பதையும் பார்த்தோம். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 12 எனக் கொண்டால், 70 இலட்சத்துக்கு முதல் மாதத்து வட்டி மட்டும் 70,000 ரூபா. அவர் எதிர்பார்த்த வாடகை 45,000. மிகுதியைச் சம்பளத்திலிருந்தே கொடுத்தல் வேண்டும். வட்டியும் ஒரே நிலையில் நிற்பதன்று. 2022 ஏப்பிரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டிக்குக் கடன்பட்டோர் அதனை எளிதில் மறவார்.

ஆதலின், தொடக்கச் செலவுக்குரிய பணம் சொந்தச் சேமிப்பாயிருத்தல் நன்று. அதற்கு மேலும், வீடு ஆளின்றிக் கிடக்கும் காலத்துக்கென ஆறு மாதத் தவணைப் பணமேனும் கைவசம் வேண்டும். இவ்விரண்டும் சேருமுன் வாங்க முற்படுவோர், வீட்டை உடையவராகாது கடனுக்கு உடைமையாவர்.

இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “சீதன வீட்டு வளவில் இடம் கிடக்கிறது, ஐயா” என்றார். அவ்வீடு கொக்குவிலில், பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் உள்ளது. அறை தேடும் மாணவர்க்கு அங்கே குறைவில்லை. சொந்தக் காணியிற் கட்டுவதால் கொள்வனவுத் தீர்வையும் இல்லை. பிரதேச சபையின் அனுமதி பெற்று, சேமிப்புக்கு அடங்கிய அளவில் இரண்டு அறைகள் எழுப்பினார். வரும் வாடகை பெரிதன்று. ஆனால் அது முழுவதும் அவருடையது.

சென்ற கிழமை நல்லூரில் இருவரையும் கண்டேன். தாலிக்கொடி அந்தப் பெண்ணின் கழுத்தில் இருந்தது.